ரசமட்டம் என்று பேர் வாங்கிய மைக்கென்

உப்சாலாவில் அந்த ஆய்வகத்தில் செவ்வாய்க்கிழமை முதல் பன் மைக்கெனுக்குத்தான். ஏலக்காய் வாசனையோடு தட்டு வந்ததும் நேரே அவள் பக்கம் போகும், அதற்கப்புறம்தான் தலைவர் ஹோகன்கூடக் கை வைக்கலாம். காரணம் இருந்தது. அன்று காலை எல்லாரும் காபி ஊற்றிக்கொள்வதற்கு முன்பே அவள் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு ஒரு டியூப் ரத்தம் கொடுத்திருப்பாள். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். ரத்தம் கொடுத்தவளுக்கு முதல் பன்.

அவள் ரத்தம் எதற்கு என்று சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அங்கே வேலை. அது ஏறினால் நோய் ஏறுகிறது, இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. ஆனால் புரதத்தை அப்படியே பெருக்கிப் பார்க்க முடியாது. அதனால் அதைப் பிடிக்க இரண்டு ஆன்டிபாடிகளை அனுப்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் டிஎன்ஏவில் ஒரு சின்ன வால். இரண்டும் ஒரே புரதத்தைக் கவ்வினால் இரண்டு வாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், ஒட்டிவிடலாம். ஒட்டிய வாலை பிசிஆர் மெஷினில் போட்டால் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பெருகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் ஒளிரத் தொடங்கும். சீக்கிரம் ஒளிர்ந்தால் புரதம் அதிகம். தாமதமானால் குறைவு. அவ்வளவு அழகான வேலை அது, கண்ணுக்கே தெரியாத ஒன்று தன் இருப்பைத் தானே கத்திச் சொல்கிற மாதிரி.

சீக்கிரம் என்றால் எதைவிடச் சீக்கிரம்? அங்கேதான் மைக்கென் வருகிறாள். நல்ல உடம்புக்காரர் ஒருவரின் செல்லையும் அதே பிசிஆர் தட்டில் ஓட்டுவார்கள். நோயாளியின் கணக்கை அதோடு ஒப்பிட்டு, இத்தனை மடங்கு என்று மெஷின் சொல்லும். உறைய வைத்த செல்லில் இந்தப் புரதம் சிதைந்துபோகும் என்பதால் வாராவாரம் புது ரத்தம் வேண்டும். பல பேர் ரத்தத்தைக் கலந்து வைக்க வேண்டும் என்றுதான் முதலில் திட்டம். எல்லாரும் கை நீட்டினார்கள். ஹோகனுக்கு ஜலதோஷம் பிடித்தால் அவர் கணக்கு துள்ளும். மெஷினைப் பார்த்துக்கொள்கிற நவீது பனிச்சறுக்கு ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் மாதங்களில் அவன் கணக்கு அலையும். மைக்கெனுடையது மட்டும் கோடு போட்ட மாதிரி ஒரே இடத்தில் நின்றது. பல பேரைத் தேடிப் பிடித்துக் கலப்பதைவிட இந்த ஒருத்தி போதும் என்று ஆகிவிட்டது. கட்டுரை முடிகிற வரைக்கும் என்றார் ஹோகன். அப்புறம் எத்தனையோ கட்டுரை முடிந்தது.

நவீது ஒருநாள் கட்டட சாமான் கடையிலிருந்து கொத்தனார்கள் சுவர் நேரா என்று பார்க்கிற மஞ்சள் ரசமட்டம் ஒன்றை வாங்கி வந்து அவள் மேஜைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினான். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பேர். அவளும் உள்ளூர ரசித்தாள். ஐம்பத்தொன்பது வயசு, ஒல்லி, பனியிலும் சைக்கிள்தான், சிரிப்பு கொஞ்சம் சிக்கனம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் அது என்ன என்று கேட்டால், அவளே நின்று சொல்லுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி ஸ்டெல்லான். நகரப் பேருந்து ஓட்டியவன். போன கோடையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மூக்கில் ரத்தம் கொட்டி, பேருந்தை ஓரங்கட்டிவிட்டு, பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கியவன். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்துகிறதா என்று அப்போதே பார்த்தார்கள். பூட்டுக்குச் சாவி மாதிரிப் பொருந்தியது. அன்றைக்குப் பார்த்தது பொருத்தத்தை மட்டும்தான். மற்றப் பரிசோதனை எல்லாம் மஜ்ஜை மாற்றும் நாள் குறித்தபிறகு என்றார்கள்.

இரண்டு வழி இருந்தது. அக்காவின் மஜ்ஜையை வாங்கிக்கொள்வது, பிழைத்தால் பிழைக்கலாம், அந்தச் சிகிச்சையிலேயே போய்விடுகிறவர்களும் உண்டு. இன்னொன்று, செப்டம்பரில் தொடங்கவிருந்த புது மருந்துச் சோதனை. முப்பது பேர், எல்லாருக்கும் அதே மாத்திரை. ஸ்டெல்லான் மாத்திரையை எடுத்தான். அந்த முப்பது பேரின் டியூபும் மைக்கென் வேலை செய்த ஆய்வகத்துக்குத்தான் வந்தது. தம்பி அதில் இருக்கிறான் என்று அவள் ஹோகனிடம் சொன்னாள். டியூபில் எண் மட்டும்தானே, யாருடையது என்று உனக்குத் தெரியாதே, பரவாயில்லை என்றார் அவர். அளக்கிற கை அக்காவுடையது என்பதைத்தான் இருவரும் யோசித்தார்கள். அளவுகோலும் அக்காதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலை முழுக்க ஊரே மூடிக் கிடக்கும், ஆய்வகமும்தான். ஆகஸ்டில் திரும்பி வந்து முதல் தட்டை ஓட்டியபோது மைக்கெனின் செல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஒளிர்ந்தது. விடுமுறைக்கு நடுவில் ஆன்டிபாடியின் புதுக் குப்பி வந்திருந்தது. புதுக் குப்பி கொஞ்சம் வீரியம் போல என்றான் நவீது. எல்லாரும் தலையாட்டினார்கள். அதோடு அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். மெஷின்தான் மடங்குக் கணக்கை நேரே கொடுக்கிறதே.

மடங்குக் கணக்கோ இறங்கிக்கொண்டே வந்தது. அக்டோபரில் கொஞ்சம், நவம்பரில் நன்றாக, கிறிஸ்துமஸுக்குள் பாதி. ஒருவருக்கு இருவருக்கு இல்லை, ஏறக்குறைய எல்லாருக்கும். ஹோகன் நடைபாதையில் வாய்க்குள் பாடிக்கொண்டு போனார். ஸ்டெல்லான் போன் பண்ணி, டாக்டர் என் எண்ணைக் காட்டினார், இறங்கியிருக்கிறது என்றான். சோர்வு மட்டும் போகவில்லை, மருந்து அப்படித்தான் அடிக்குமாம் என்றான். பிப்ரவரி கடைசியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். மஜ்ஜை மாற்றும் சிகிச்சையை அடியோடு ரத்து செய்வதா என்று அன்றைக்கு முடிவு. ரத்து என்றே வைத்துக்கொள் என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

பிப்ரவரி தொடக்கத்தில் மைக்கெனுக்குக் காய்ச்சல் வந்தது. இருமிக்கொண்டு வேலைக்கு வந்தால் முறைக்கிற ஊர் அது, அவள் வீட்டிலேயே கிடந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை நவீது தன் ரத்தத்தை எடுத்து ஓட்டினான். முப்பது பேரின் கணக்கும் செப்டம்பரில் இருந்த இடத்தையும் தாண்டி எகிறிவிட்டது.

மைக்கென் திரும்பி வந்தபோது காபி மேஜையில் அதுதான் பேச்சு. அவளே முதலில் நவீதைப் பிடித்துக்கொண்டாள்.

"பீட்சா மேல வாழைப்பழத்தையும் மசாலாவையும் போட்டுத் திங்கிறவன் ரத்தத்த வச்சு ஊரையே அளந்தா இப்படித்தான் ஆகும்."

"அதக் கண்டுபிடிச்சதே உங்க ஆளுங்கதான்," என்றான் நவீது. "நான் சின்ன வயசுல ஷிராஸ்ல இருந்து இந்த நாட்டுக்கு வந்து கத்துக்கிட்ட கெட்ட பழக்கம்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தட்டைக் கழித்துவிடலாம் என்று மைக்கென்தான் சொன்னாள். ஹோகன் கழித்துவிட்டார். அடுத்த செவ்வாய் அவள் ரத்தத்தில் ஓட்டினார்கள், கணக்கு மறுபடி அழகாக இறங்கி நின்றது. பன் தட்டு அவள் பக்கம் வந்தது. அவளுக்கு ஏனோ பசி இல்லை, பாதியை வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வெயில் அடித்தது. ஸ்டெல்லான் ஏரிக்குப் போகலாம் என்று பிடிவாதம். எக்கோல்ன் ஏரி உறைந்து கெட்டியாகக் கிடந்தது, அங்கங்கே ஆட்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து ஓட்டைக்குள் தூண்டிலை விட்டுக்கொண்டிருந்தார்கள். பனி உடைந்து தண்ணீரில் விழுந்தால் குத்திப் பிடித்து ஏற, இருவரும் கழுத்தில் பனிக் குத்தூசியை மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். அப்பாவின் பழைய கைத்துளைப்பான் ஸ்டெல்லானின் தோளில். ஒரு இடத்தில் நிறுத்தி, துளைப்பானை நட்டு, சுற்ற ஆரம்பித்தான். நாலு சுற்று. நின்றான். மறுபடி நாலு. அப்புறம் அதன் மேலேயே சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினான்.

"நீ தள்ளு, நான் போடறேன்," என்றாள் மைக்கென்.

சின்ன வயசிலிருந்தே அவள் அவனைவிட வேகமாகத் துளை போடுவாள். இப்போது சுற்றினாள். பனித்தூள் வெள்ளையாகச் சுருண்டு வந்தது. கொஞ்ச நேரத்திலேயே காதுக்குள் இதயம் அடிப்பது கேட்டது, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அவளும் துளைப்பானைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எதிரே முக்காலியில் அவன், இங்கே அவள், நடுவில் பாதி ஓட்டை. தண்ணீர் எட்டவே இல்லை.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு ஓட்டை, அதுவும் பாதி," என்றான் ஸ்டெல்லான். "அப்பா பாத்திருந்தா வீட்டுக்கே விட்டிருக்க மாட்டாரு."

"எனக்கு இப்பத்தான காய்ச்சல் விட்டுச்சு."

"எனக்குப் புத்துநோய். உனக்குக் காய்ச்சல் ஒரு சாக்கா அக்கா?"

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். வேர்த்ததில் கையுறையைக் கழற்றி ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஊசி குத்திய இடம். முழங்கைக்கு மேலேயும் கீழேயும் நீலமும் பச்சையுமாகப் படர்ந்து கிடந்தது. ஸ்டெல்லான் அதைப் பார்த்தான். அதே மாதிரிப் படர்ந்திருந்த தன் கையையும் பார்த்தான். கிண்டலாகத்தான் சொன்னான், ஆனால் சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"என் கைய நீ எப்ப எடுத்துக்கிட்ட?"

திரும்பி நடக்கும்போது மைக்கெனின் மனசில் அந்த மஞ்சள் ரசமட்டம்தான் ஓடியது. சுவர் கோணலா அலமாரி கோணலா என்று பார்க்க ரசமட்டத்தை வைக்கிறோம். ரசமட்டமே கோணலாகிவிட்டால்? முப்பது பேரும் இறங்கவில்லை என்றால், நான் ஏறினேன் என்றால், கணக்கு இதேதான் வரும். துளிகூட மாறாமல் இதே கணக்குத்தான் வரும். நவீதின் ரத்தத்தை அவள் எப்படிச் சிரித்துத் தள்ளினாள் என்பது நினைவுக்கு வந்து, பனிக்காற்றிலும் முகம் சுட்டது.

திங்கட்கிழமை நவீதைத் தனியாகப் பிடித்தாள். ஃப்ரீசரின் அடியில் ஆன்டிபாடியின் பழைய குப்பியில் சில துளிகள் மிச்சம் இருந்தன. தன்னுடைய ரத்தம், அவனுடையது, ஹோகனுடையது, இன்னும் அன்று கண்ணில் பட்ட மூன்று பேருடையது, எல்லாவற்றையும் ஒரே தட்டில் பழைய குப்பியிலேயே ஓட்டச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை அவன். தட்டைத் தயார் பண்ணும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

திரையில் கோடுகள் தரையோடு படுத்துக் கிடந்தன. அப்புறம் ஒன்று மட்டும் எழுந்தது. தனியாக. மற்ற ஐந்தும் வெகுநேரம் கழித்து ஒன்றாகச் சேர்ந்து எழுந்தன. முதல் கோடு யாருடையது என்று எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.

"இன்னொரு தடவ ஓட்டுவோம்," என்றான் நவீது.

"ஓட்டு."

ஓட்டினான். அதேதான். குப்பியில் அதோடு தீர்ந்துவிட்டது.

ஹோகனின் அறைக்கு இருவருமாகப் போனார்கள். அவர் முதலில் புதுக் குப்பியைத்தான் சொன்னார். பழைய குப்பியில் ஓட்டியது என்றான் நவீது. அப்படியானால் மருந்து, என்று ஆரம்பித்து ஹோகன் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"மருந்து ஒண்ணும் பண்ணல, ஹோகன்," என்றாள் மைக்கென். "நான் ஏறினேன். அவங்க இருந்த இடத்துலயேதான் இருந்தாங்க."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் கேட்டார், நீ டாக்டரைப் பார்த்தாயா என்று. இரண்டாவதாகத்தான் கேட்டார். அவர் இடத்தில் இருந்தால் தானும் மருந்தைத்தான் முதலில் கேட்டிருப்போம் என்று மைக்கெனுக்குத் தெரிந்தது, அதனால் கோபப்பட முடியவில்லை. அவர் போனை எடுத்து மருத்துவமனையைக் கூப்பிட்டார். ஏலக்காய் பன்னையும் ஜலதோஷத்தையும் வைத்து ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன வசதி முப்பது பேரின் அரை வருஷத்தைத் தின்றுவிட்டிருந்தது.

நோயாளிகளுக்கு டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீ சொல்லக் கூடாது என்றார் ஹோகன். சரி என்றாள். நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

அவன் மீன் வறுத்துக்கொண்டிருந்தான். கடையில் வாங்கிய மீன்தான். உருளைக்கிழங்கு மசித்து வைத்திருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்று சொன்னாள். மருந்து வேலை செய்யவில்லை. எண் இறங்கியது பொய். அளந்ததில் தப்பு. அவன் அடுப்பை அணைத்தான். அணைத்த பிறகும் மீன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"சரி," என்றான் கடைசியில். "அப்ப மஜ்ஜைய மாத்திருவோம். நல்லவேள ரத்து பண்ணல. அதுக்குத்தானே உன்ன பத்திரமா வச்சிருக்கு."

அவள் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்தாள்.

"அளந்ததுல தப்புன்னேனே. அது இதுதான்டா. என்ன வச்சுத்தான் உங்க எல்லாரையும் அளந்தாங்க."

ஸ்டெல்லானுக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் அவன் கத்தவில்லை, எதையும் தூக்கி எறியவில்லை. இரண்டு தட்டு எடுத்தான். இரண்டிலும் மீனும் கிழங்கும் வைத்தான். ஒன்றை அவள் பக்கம் தள்ளினான்.

"உக்காரு. தின்னு."

இருவரும் தின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே பேருந்து ஒன்று நின்று கிளம்பியது. நேரம் தவறி வருகிறது என்றான் அவன்.

அவளுக்கும் அதே நோய்தான் என்று மருத்துவமனை உறுதி பண்ணியது. குடும்பத்தில் ஓடுகிற வகை, அறுபதை ஒட்டித்தான் தலை காட்டும் என்றார்கள். அவள் மஜ்ஜையை அவனுக்கு வைத்திருந்தால் அவன் நோயை இன்னொரு தடவை அவனுக்கே கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். சோதனையை நிறுத்தினார்கள். முப்பது பேருக்கும் தகவல் போனது. அவர்களில் யார் யார் அந்த எண்ணை நம்பி வேறு எதையெல்லாம் வேண்டாம் என்றார்கள் என்று மைக்கெனுக்குத் தெரியாது. டியூபில் எண் மட்டும்தானே.

ஸ்டெல்லானுக்கு வேறு கொடையாளரைத் தேடினார்கள். ஜெர்மனியில் ஒருவர் கிடைத்தார். அதற்குள் அவன் நுரையீரலில் தொற்று பிடித்துக்கொண்டது, இந்த நிலையில் மாற்ற முடியாது என்றார்கள். அக்காவும் தம்பியும் ஒரே வார்டில், ஒரே நடைபாதையில், இரண்டு கதவு தள்ளிக் கிடந்தார்கள். கிருமி பயம், ஒருவர் அறைக்குள் ஒருவர் போக விடமாட்டார்கள். போனில்தான் பேச்சு. கடைசியாகப் பேசிய அன்று அவனுக்கு மூச்சு முட்டியது, ஆனாலும் விடவில்லை.

"நம்ம ஓட்டை மறுபடி உறைஞ்சிருக்கும்ல."

"தண்ணிதான் எட்டவே இல்லயே. உறைய என்ன இருக்கு," என்றாள் அவள்.

"அதுவும் சரிதான்," என்றான். எக்கோல்னில் பனி உடைந்த வாரத்தில் அவன் போய்விட்டான். அடக்கத்துக்குப் போக அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தாள். அவன் ஓட்டிய வழித்தடத்தின் பேருந்து அந்த ஜன்னலுக்குக் கீழேதான் திரும்பும். அன்று முழுக்க ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டே இருந்தது.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நவீது வந்தான். மாஸ்க், மேலங்கி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, கையில் ஒரு காகிதப் பை. உள்ளே கொண்டுபோகலாம், அவள் தின்னக் கூடாது என்று நர்ஸ் வாசலிலேயே சொல்லிவிட்டாள். மைக்கெனின் தலையில் முடி இல்லை. அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பையையே பார்த்தான். அன்று காலை அவள் ரத்தம் ஆய்வகத்துக்குப் போயிருந்தது. இந்தத் தடவை நோயாளி வரிசையில், எண் ஒட்டிய டியூபாக. எண் எது என்று அவளே அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

"ஓட்டினியா?" என்று கேட்டாள்.

தலையாட்டினான்.

"எதோட ஒப்பிட்டே?"

"பதினாறு பேரக் கலந்து. மாடிப்படி தொடைக்கிறவர்கூட ரத்தம் குடுத்திருக்காரு."

"காய்ச்சல்காரங்க யாரும் இல்லயே?"

"இல்ல. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா ஓட்டிப் பாத்துட்டுத்தான் கலந்தேன்."

"உன்னுது?"

"என்னுதும் இருக்கு. வாழைப்பழ பீட்சாவோட."

அவள் முகம் கொஞ்சம் அசைந்தது. "அப்ப சொல்லு," என்றாள்.

அவன் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை, மென்று முழுங்கவில்லை. முந்தின மாதத்தைவிட ஏறியிருந்தது. அவள் கேட்டுக்கொண்டாள். எத்தனை தடவை ஓட்டினாய் என்று கேட்டாள், மூன்று என்றான், மூன்றும் ஒன்றாக வந்ததா என்று கேட்டாள், வந்தது என்றான். தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"சரியா அளந்திருக்க," என்றாள்.

பையிலிருந்து ஏலக்காய் வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது. அதை நீயே தின்றுவிடு, ஆறிப்போகும் என்றாள். மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் பன்னை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்கிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.